கடற்கரையில் அந்தரத்தில் நின்ற பறவை எது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கடலோரத்தில் புதிதாகப் பறவை பார்க்கத் தொடங்குபவர்கள் பெரும்பாலும் ஒரே மாதிரியான கேள்வியோடு வருகிறார்கள்: "காற்றில் ஒரே இடத்தில் சிறகடித்தபடி நின்றது, பிறகு சட்டென்று கீழே பாய்ந்தது, அது என்ன பறவை?" நிறத்தையோ அளவையோ சொல்லாமல் நடத்தையை மட்டும் சொல்கிறோமே என்று அவர்கள் தயங்க வேண்டியதில்லை. அந்தரத்தில் நிற்கக்கூடிய பறவைகள் மிகச் சில என்பதால், அந்த ஒரு நடத்தையே தேடலைப் பெருமளவு குறுக்கிவிடுகிறது. எப்படி நின்றது, எதற்கு மேல் நின்றது, எப்படி இறங்கியது என்ற மூன்றும் தெரிந்தால் பெரும்பாலான நேரங்களில் பறவையின் குடும்பம் வரை சென்றுவிடலாம்.

அந்தரத்தில் நிற்பதும் வட்டமிடுவதும் ஒன்றா?

இல்லை. வட்டமிடும் பருந்து, சூடான காற்று மேலெழும் இடத்தில் இறக்கைகளை விரித்து, அதிகம் அசைக்காமல் சுற்றிச் சுற்றி உயர்கிறது. அந்தரத்தில் நிற்கும் பறவையோ, தரையிலோ தண்ணீரிலோ ஒரு புள்ளிக்கு நேர் மேலே, முன்னேயும் பின்னேயும் நகராமல், சிறகடித்தபடி நிற்கிறது. இவற்றுக்கு நடுவே மூன்றாவதாக ஒன்றும் உண்டு. கடலிலிருந்து வீசும் காற்று செங்குத்துப் பாறையிலோ மணல் மேட்டிலோ மோதி மேல்நோக்கித் திரும்பும் இடத்தில், சில பறவைகள் சிறகடிக்காமலேயே, இறக்கைகளின் கோணத்தை மட்டும் நுணுக்கமாக மாற்றிக்கொண்டு அசையாமல் நிற்கும். இந்த நிலையில் செம்பருந்து, கடற்காகம் (gull) போன்ற, வழக்கமாக அந்தரத்தில் நிற்காத பறவைகளையும் காணலாம். ஆகையால், சிறகுகள் அடித்தனவா அல்லது விரிந்தபடியே இருந்தனவா என்பதை நினைவுபடுத்திப் பார்ப்பதே முதல் வேலை.

எல்லாப் பறவைகளும் ஏன் இப்படி நிற்பதில்லை?

பறக்கும் வேலைகளில் மிகவும் களைப்பூட்டுவது இதுதான். முன்னோக்கிப் பறக்கும்போது இறக்கைகளின் மேல் ஓடும் காற்றே உடலைத் தாங்குவதில் பெரும்பங்கு வகிக்கிறது. காற்று வீசாத இடத்தில் நிற்க வேண்டுமானால், அந்தத் தாங்குவிசை முழுவதையும் தசைகளே சிறகடித்து உண்டாக்க வேண்டும். உடல் பெரிதாகப் பெரிதாக, தேவைப்படும் ஆற்றல் தசைகளின் திறனைவிட வேகமாகக் கூடிவிடுகிறது. நெடுநேரம் அசைவற்ற காற்றில் நிற்கும் திறன் ஹம்மிங் பறவை போன்ற மிகச் சிறிய பறவைகளுக்கே வாய்த்திருப்பதன் காரணம் இதுவே. அவற்றின் இறக்கை தோள்மூட்டில் சுழன்று, கீழ்வீச்சிலும் மேல்வீச்சிலும் தாங்குவிசையைத் தருகிறது.

பெரிய பறவைகள் இதற்குக் காற்றைத் துணைக்கு அழைக்கின்றன. எதிர்க்காற்று எந்த வேகத்தில் வீசுகிறதோ அதே வேகத்தில் அதை எதிர்த்துப் பறந்தால், பறவை உண்மையில் முன்னோக்கிப் பறந்துகொண்டிருந்தாலும், தரையிலிருந்து பார்ப்பவருக்கு நின்றுகொண்டிருப்பதாகவே தோன்றும். கடற்கரையில் காற்று ஏறத்தாழ எப்போதும் வீசுவதால் இத்தகைய வேட்டைக்கு அது பொருத்தமான இடமாக அமைந்துவிடுகிறது. இதிலிருந்து நமக்கும் ஒரு குறிப்பு கிடைக்கிறது: காற்றுள்ள நாளில் அந்தரத்தில் நிற்கும் பறவை எப்போதும் காற்று வரும் திசையை நோக்கியே இருக்கும். எனவே காற்றுக்கு முதுகு காட்டி நின்று எதிரே உள்ள பறவையைப் பார்த்தால் அதன் முகமும் மார்பும், காற்றை எதிர்கொண்டு நின்று பார்த்தால் அதன் முதுகும் வாலும் தெரியும்.

பார்த்த அந்தச் சில நொடிகளில் எதைக் கவனிக்க வேண்டும்?

புத்தகத்தையும் கைபேசியையும் தேடாமல் பறவையைப் பாருங்கள். பெயரைத் தேடிக் கண்களை விலக்கிய நேரத்தில்தான் பல பறவைகள் பாய்ந்து மறைந்துவிடுகின்றன.

முதலில் அலகு எந்தப் பக்கம் பார்க்கிறது என்று கவனியுங்கள். நேர் கீழே தண்ணீரை நோக்கியிருந்தால் ஆலா (tern) எனப்படும் நீர்ப்பறவையாகவோ மீன்கொத்தியாகவோ இருக்கும் வாய்ப்பு மிக அதிகம். அடுத்ததாக, பறவைக்குக் கீழே இருப்பது கடலா, கழிமுகமா, உப்பங்கழியா, புல்வெளியா, மணல் மேடா என்று மனத்தில் குறித்துக்கொள்ளுங்கள். மீன் தேடும் பறவை வறண்ட புல்வெளிக்கு மேல் நிற்பதற்குக் காரணமில்லை; எலியும் பல்லியும் தேடும் பறவை அலைகளுக்கு மேல் நிற்பதற்கும் காரணமில்லை. இந்த எளிய உண்மையை மட்டும் வைத்துக்கொண்டு பல தவறான முடிவுகளைத் தவிர்த்துவிடலாம்.

மூன்றாவதாக வருவதுதான் எல்லாவற்றிலும் முக்கியமானது: பறவை எப்படி இறங்கியது? தலை முதலில் சென்றதா, கால்கள் முதலில் சென்றனவா? தண்ணீருக்குள் முழுவதும் மூழ்கியதா, மேற்பரப்பைத் தொட்டுவிட்டு எழுந்ததா? ஒரே பாய்ச்சலில் இறங்கியதா, அல்லது சிறிது இறங்கி மீண்டும் நின்று, மறுபடியும் இறங்கியதா? இந்த விடைகளுக்கு உள்ள மதிப்பு இறகின் நிறத்துக்கு இல்லை என்பது என் உறுதியான கருத்து. நிறம் வெளிச்சத்துக்கு ஏற்ப மாறித் தெரியும். பறவை இறங்கும் முறையோ அதன் உடலமைப்போடு பிணைந்தது.

வெள்ளையான பறவை ஒன்று தண்ணீருக்கு மேல் நின்று தலைகுப்புறப் பாய்ந்தது. அது கடற்காகமா?

பெரும்பாலும் அது ஆலா. கடற்காகமும் ஆலாவும் ஒன்றுக்கொன்று உறவுடையவை, இரண்டும் வெள்ளையும் சாம்பலுமாக இருப்பவை, இரண்டும் ஒரே மணல் திட்டில் அருகருகே உட்கார்ந்திருப்பவை. ஆகவே குழப்பம் வருவது இயல்பு. ஆயினும் பறக்கும்போது வேறுபாடு தெளிவாகத் தெரியும். ஆலாவின் உடல் மெலிந்தது, இறக்கைகள் நீண்டு குறுகிக் கூர்மையாக முடியும், பெரும்பாலான இனங்களில் வால் பிளவுபட்டிருக்கும், அலகு ஈட்டியைப் போல் நேராக இருக்கும். கடற்காகத்தின் உடல் பருத்தது, இறக்கை அகலமானது, அலகின் நுனி கீழ்நோக்கி வளைந்தது. பறந்துகொண்டே தேடும்போது கடற்காகம் தலையை நேராகவும் ஆலா அலகைக் கீழ்நோக்கியும் வைத்திருக்கும். கடற்காகங்களும் சில நேரம் தண்ணீரின் மேல் தயங்கி நின்று எதையாவது கொத்துவது உண்டு. ஆனால் அம்பு போல் தலைகீழாக விழுந்து, நீர் தெறிக்க மூழ்கி, மறுநொடியே வெளிவந்து உடலை உதறிக்கொண்டு பறப்பது ஆலாவின் வழக்கம்.

அது ஆலாதான் என்று தெரிந்துவிட்டது. எந்த ஆலா என்று எப்படிக் கண்டறிவது?

இங்கேதான் பொறுமை தேவைப்படுகிறது. இனப்பெருக்கக் காலத்தில் அலகின் நிறமே நல்ல வழிகாட்டி. மஞ்சள் அலகில் கருப்பு நுனியும், கருப்புத் தொப்பிக்கு முன்னால் வெள்ளை நெற்றியும் இருந்து, உடல் 22 முதல் 24 செ.மீ. வரை மட்டுமே இருந்தால் அது சின்ன ஆலா. ஆலாக்களில் அடிக்கடியும் விடாமுயற்சியோடும் அந்தரத்தில் நிற்பது இதுவே. அதன் சிறகடிப்பு மற்ற ஆலாக்களைவிடக் கண்கூடாக வேகமானது. அமெரிக்கக் கண்டங்களின் கரைகளில் இதே தோற்றத்தோடு இதன் நெருங்கிய உறவான இன்னொரு சிறிய ஆலா இருக்கிறது.

பருத்துச் சிவந்த அலகுடன், கடற்காகம் அளவுக்குப் பெரிதாகத் தெரிந்தால் அது காஸ்பியன் ஆலா. ஆலாக்களிலேயே பெரியது இது, இறக்கை விரிப்பு 1.2 மீட்டரைத் தாண்டும். கருப்பு அலகின் நுனி மட்டும் மஞ்சளாக இருந்தால் சாண்ட்விச் ஆலா. அலகு முழுவதும் மஞ்சளாகவும் தலையின் பின்புறம் இறகுகள் கலைந்தாற்போலவும் இருந்தால் பெரிய கொண்டை ஆலா. அலகு பருத்துக் குட்டையாக, முழுக் கருப்பாக இருந்து, பறவை தண்ணீரில் பாயாமல் சேற்றுப் பரப்பின் மேல் தாழ்ந்து பறந்து நண்டுகளையும் பூச்சிகளையும் கொத்தினால் அது பருத்த அலகு ஆலா. மீசை ஆலாவும் அதன் கூட்டத்தைச் சேர்ந்த சதுப்புநில ஆலாக்களும் பெரும்பாலும் மூழ்குவதில்லை; தண்ணீரின் மேற்பரப்பிலிருந்து இரையைப் பறந்தபடியே எடுத்துக்கொள்ளும்.

இனப்பெருக்கக் காலம் முடிந்த பிறகு இந்த அடையாளங்கள் மங்கிவிடுகின்றன என்பதை மறக்கக் கூடாது. கருப்புத் தொப்பி பின்வாங்கி நெற்றி வெளுக்கும். பல இனங்களின் அலகு கருத்துவிடும். இளம் பறவைகளின் முதுகில் செதில் போன்ற பழுப்புக் கோலம் இருக்கும். வெள்ளை நெற்றியைக் கண்டவுடன் சின்ன ஆலா என்று முடிவு செய்வது பரவலான தவறு. அந்தப் பருவத்தில் ஏறத்தாழ எல்லா ஆலாக்களுக்கும் நெற்றி வெள்ளைதான்.

உடல் முழுவதும் கருப்பும் வெள்ளையுமாக, நீண்ட அலகோடு இருந்தது. அதுவும் ஆலாவா?

கழிமுகத்திலோ உப்பங்கழியிலோ பார்த்திருந்தால், அது கருப்பு வெள்ளை மீன்கொத்தியாக இருக்கலாம். ஆப்பிரிக்காவின் சஹாராவுக்குத் தெற்கிலும், மேற்கு ஆசியாவின் சில பகுதிகளிலும், இந்தியத் துணைக்கண்டத்திலிருந்து தென்கிழக்கு ஆசியா, தென் சீனம் வரையிலும் இது வாழ்கிறது. ஏறத்தாழ 25 செ.மீ. நீளமுள்ள இதன் தலை உடலோடு ஒப்பிடப் பெரியது, தலைக்குப் பின்னால் சிலிர்த்த கொண்டை உண்டு. அந்தரத்தில் நிற்கும்போது உடல் ஏறக்குறைய செங்குத்தாகவும், அலகு மார்போடு ஒட்டினாற்போல் கீழ்நோக்கியும் இருக்கும். இறக்கைகள் தனித்தனியாகத் தெரியாத அளவுக்கு வேகமாக அடிக்கும். மற்ற மீன்கொத்திகளைப் போல் கிளையை நம்பியே இருக்க வேண்டிய தேவை இதற்கில்லை. சிறிய மீனைப் பறந்துகொண்டே விழுங்கிவிடும் என்பதால், உட்கார இடமில்லாத அகன்ற நீர்ப்பரப்பிலும் இதனால் வேட்டையாட முடிகிறது. மார்பில் இரண்டு கருப்புப் பட்டைகள் இருந்தால் ஆண். நடுவில் அறுபட்ட ஒரே பட்டை இருந்தால் பெண்.

வட அமெரிக்காவின் கரையில் பார்த்திருந்தால், நீலச்சாம்பல் முதுகுடைய பட்டை மீன்கொத்தியை நினைவில் கொள்ளுங்கள். அங்கே வயிற்றின் குறுக்கே செம்பட்டை உடையது பெண் பறவை.

மிகப் பெரிய பறவை ஒன்று தண்ணீருக்கு மேல் நின்றது, பிறகு கால்களை முன்னே நீட்டிக்கொண்டு விழுந்தது. அது என்ன?

விரால் அடிப்பான். அண்டார்க்டிகா தவிர எல்லாக் கண்டங்களிலும் காணப்படும் இந்த இரைகொல்லிப் பறவைக்கு ஏறத்தாழ மீன் மட்டுமே உணவு. இறக்கை விரிப்பு சுமார் ஒன்றரை மீட்டர் அளவுக்கு இருக்கும். கீழிருந்து பார்த்தால் வெள்ளை வயிறு, இறக்கையின் மணிக்கட்டுப் பகுதியில் கருந்திட்டு, கண்ணின் குறுக்கே பிடரி வரை ஓடும் கரும்பட்டை ஆகியவை தெரியும். மிதந்து செல்லும்போது மணிக்கட்டு மடிந்து இறக்கைகள் முன்னும் பின்னுமாக வளைந்திருப்பதால், தொலைவிலிருந்து பார்ப்பவர்கள் இதைப் பெரிய கடற்காகம் என்று எண்ணிவிடுவது உண்டு.

இதன் வேட்டையை ஒருமுறையாவது முழுவதுமாகப் பார்ப்பது நல்லது. பத்து முதல் நாற்பது மீட்டர் உயரத்தில் நின்று, தலையைக் குனிந்து, கனத்த சிறகடிப்போடு சில நொடிகள் அளவெடுக்கும். சில நேரம் படி இறங்குவதைப் போலச் சற்று இறங்கி மறுபடியும் நிற்கும். பின்னர் இறக்கைகளைப் பின்னுக்கு மடித்துக்கொண்டு விழும். தண்ணீரைத் தொடுவதற்குச் சற்று முன்பு கால்கள் தலைக்கும் முன்னால் வந்துவிடும். ஒரு மீட்டர் ஆழம் வரையுள்ள மீனைத்தான் அதனால் எட்ட முடியும். ஒரு கணம் இறக்கைகள் தண்ணீரின் மேல் விரிந்து கிடக்கும். அடுத்த கணம் கனத்த வீச்சுகளோடு மேலே எழுந்து, பறந்தபடியே நாயைப் போல உடலை உதறும். அதன் வெளிவிரலைப் பின்னோக்கித் திருப்ப முடியும் என்பதால், மீனை முன்புறம் இரண்டும் பின்புறம் இரண்டுமாக நான்கு விரல்களாலும் கவ்விக்கொள்ளும். பாதத்தின் அடியில் உள்ள முள் போன்ற செதில்கள் வழுக்கலைத் தடுக்கின்றன. எழுந்த பிறகு மீனின் தலை முன்னோக்கி இருக்கும்படி பிடியைச் சரிசெய்துகொள்வதால் காற்றின் எதிர்ப்பு குறைகிறது. மீனைத் தலை முன்னே வரும்படி நீளவாக்கில் சுமந்து செல்லும் பெரிய பறவையைக் கண்டால், வேறு அடையாளம் எதுவும் தெரியாவிட்டாலும் விரால் அடிப்பான் என்று துணிந்து சொல்லலாம்.

மணல் மேட்டுக்கும் புல்வெளிக்கும் மேல், புறா அளவுள்ள பழுப்புப் பறவை நின்றது. எதைச் சந்தேகிக்க வேண்டும்?

கெஸ்ட்ரல் எனப்படும் சிவப்பு வல்லூறைத்தான். ஐரோப்பா, ஆசியா, ஆப்பிரிக்கா ஆகிய மூன்று கண்டங்களிலும் பரவியுள்ள இந்தப் பறவை 32 முதல் 39 செ.மீ. நீளமுடையது. நீண்ட வால், கூர்மையான இறக்கை, செம்பழுப்பு முதுகு ஆகியவை முக்கிய அடையாளங்கள். ஆணுக்குத் தலையும் வாலும் சாம்பல் நிறம். பெண்ணுக்கு அவையும் பழுப்பாக, வாலில் குறுக்குக் கோடுகளோடு இருக்கும். இரண்டுக்கும் வால் நுனிக்கு அருகில் அகன்ற கருப்புப் பட்டை உண்டு. அமெரிக்கக் கண்டங்களில் இதைவிடச் சிறிய, கன்னத்தில் இரண்டு கருங்கோடுகள் உடைய உறவினமும், ஆஸ்திரேலியாவில் வெளிறிய உறவினமும் இதே முறையில் வேட்டையாடுகின்றன.

பைனாகுலர் இருந்தால் அதன் தலையை மட்டும் உற்றுப் பாருங்கள். இறக்கைகள் ஓயாமல் அடிக்கும், வால் விரிந்தும் சுருங்கியும் காற்றின் ஒவ்வொரு அசைவுக்கும் ஈடுகொடுக்கும், உடல் முன்னும் பின்னும் ஆடும். ஆனால் தலை மட்டும் சில மில்லிமீட்டருக்கு மேல் நகராது. கீழே புல்லுக்குள் ஓடும் எலியின் சிறு அசைவைக் கண்டுகொள்ளக் கண்கள் அசையாமல் இருக்க வேண்டும் என்பதால், கழுத்து அந்த ஆட்டம் முழுவதையும் உள்வாங்கிக்கொள்கிறது. இரையைக் கண்டதும் ஒரே பாய்ச்சலில் இறங்காமல், சற்று இறங்கி நின்று, மறுபடியும் இறங்கி, கடைசிச் சில மீட்டரில் கால்களை நீட்டிப் பாயும்.

அதே அளவுதான், ஆனால் வெள்ளையாக இருந்தது. கடல் பறவை என்று நினைத்தேன். சரியா?

நிலத்துக்கு மேல் நின்றிருந்தால் அது கருந்தோள் பருந்தாக இருக்கவே வாய்ப்பு அதிகம். வெள்ளை உடல், சாம்பல் முதுகு, தோளில் கருந்திட்டு, சிவந்த கண், குட்டையான வெண்வால் என்பவை அதன் தோற்றம். தொலைவில் ஆலாவைப் போலத் தோன்றினாலும், தலை பெரிதாகவும் உருண்டையாகவும் இருக்கும். நிற்கும்போது பல நேரம் கால்கள் தொங்கும். இறங்கும்போது இறக்கைகளை மேலே உயர்த்திப் பிடித்தபடி மெதுவாகக் கீழே வரும். அமெரிக்கக் கண்டங்களிலும் ஆஸ்திரேலியாவிலும் இதைப் போன்றே தோற்றமுள்ள உறவினங்கள் இருப்பதால், பார்த்த கண்டம் எது என்பது இங்கே முக்கியமாகிறது.

இவற்றைவிடப் பெரிய பறவை, ஆனால் நிலத்துக்கு மேல் நின்றது என்றால்?

ஐரோப்பாவின் தென்பகுதி, ஆசியா, வட ஆப்பிரிக்கா ஆகியவற்றில் குட்டைவிரல் பாம்புக் கழுகையும், வடதுருவத்தை ஒட்டிய நாடுகளில் இறகு மூடிய கால்களை உடைய பஸர்ட் (buzzard) என்னும் இரைகொல்லிப் பறவையையும் முதலில் சரிபாருங்கள். முன்னதன் அடிப்பக்கம் வெளிறியும், தலை ஆந்தையைப் போல் பருத்தும் இருக்கும், மணிக்கட்டில் கருந்திட்டு இராது. பின்னதற்குக் கருந்திட்டு அழுத்தமாகவும், வெள்ளை வாலின் நுனியில் கரும்பட்டையும் இருக்கும்.

உயரத்தில் நின்றபடி இடைவிடாமல் பாடியது. பாடும் பறவையும் இப்படி நிற்குமா?

நிற்கும். வானம்பாடி மணல் மேடுகளுக்கும் கரையோரப் புல்வெளிக்கும் மேலே, கண்ணுக்கு ஒரு புள்ளியாகத் தெரியும் உயரத்தில் நின்றுகொண்டு நிமிடக்கணக்கில் பாடும். அது வேட்டைக்காக நிற்பதில்லை. தன் எல்லையை அறிவிப்பதற்கும் துணையை ஈர்ப்பதற்கும் நிற்கிறது. பாட்டு ஒன்றே போதும், வேறு அடையாளம் வேண்டாம்.

பூவின் முன்னால் மிதந்த மிகச் சிறிய ஒன்றைப் பார்த்தேன். ஹம்மிங் பறவையா?

பார்த்த இடம் அமெரிக்கக் கண்டங்களில் இல்லையென்றால், அல்ல. ஹம்மிங் பறவைகள் இயற்கையில் வாழ்வது அங்கே மட்டுமே. ஆசியாவிலும் ஆப்பிரிக்காவிலும் தேன்சிட்டுகள் பூவின் முன் சில நொடிகள் அப்படி நிற்பது உண்டு. ஆனால் அவை பெரும்பாலும் கிளையைப் பற்றிக்கொண்டே தேன் உண்கின்றன. ஐரோப்பாவிலும் ஆசியாவிலும், பகலில் பறந்து, நீண்ட உறிஞ்சுகுழலைப் பூவுக்குள் நீட்டியபடி அந்தரத்தில் நிற்கும் ஒரு வகை அந்துப்பூச்சியைப் பறவை என்றே பலர் எண்ணிவிடுகிறார்கள். தலையில் இரண்டு உணர்கொம்புகள் தெரிகின்றனவா என்று பாருங்கள். தெரிந்தால் அது பூச்சி.

கரையிலிருந்து தொலைவில், அலைகளின் மேல் நடப்பதைப் போல் மிதந்தது. அது எது?

சிட்டுக்குருவியைவிடச் சற்றுப் பெரிதாக, கருநிறமாக, பிட்டம் மட்டும் வெள்ளையாக இருந்து, கால்களைத் தண்ணீரில் தட்டித் தட்டிப் பறந்திருந்தால் அது பெட்ரல் (petrel) என்னும் கடற்பறவைகளின் சிறிய வகைகளில் ஒன்று. புயலுக்குப் பின்னர் இவை கரைக்கு அருகிலும் வரக்கூடும். மாறாக, மிக உயரத்தில், இரண்டு மீட்டருக்கும் மேல் விரிந்த குறுகிய இறக்கைகளும் ஆழமாகப் பிளவுபட்ட வாலுமாக, சிறகடிக்காமல் காற்றில் தொங்கினால் அது ஃபிரிகேட் பறவை.

நிறமும் அளவும் ஏன் ஏமாற்றுகின்றன?

கடலோர வெளிச்சம் கடுமையானது. மேலே பளீரென்ற வானம், கீழே ஒளியைத் திருப்பி அனுப்பும் நீரும் மணலும். வானத்தைப் பின்னணியாகக் கொண்ட எந்தப் பறவையும் கருத்துத் தெரியும். வெண்மணலின் மேல் பறக்கும் பழுப்புப் பறவையின் வயிறு, கீழிருந்து எழும் ஒளியால் வெள்ளையாகத் தெரியும். மாலைச் சூரியன் சாம்பல் முதுகுக்குச் செந்நிறம் பூசிவிடும். கூடுமானவரை சூரியன் உங்கள் முதுகுப் பக்கம் இருக்கும்படி இடம் மாறி நின்று, பிறகு நிறத்தைக் குறியுங்கள்.

அளவைப் பொறுத்தவரை, மரமோ கட்டடமோ இல்லாத வெட்டவெளியில் ஒப்பிடுவதற்கு எதுவும் இருப்பதில்லை. அருகிலுள்ள சிறிய பறவையும் தொலைவிலுள்ள பெரிய பறவையும் கண்ணுக்கு ஒன்றாகவே தெரியும். சென்டிமீட்டரில் மதிப்பிட முயலாமல், அதே வானத்தில் பறந்த காகத்தோடோ கடற்காகத்தோடோ ஒப்பிட்டு எழுதுங்கள். சிறகடிப்பின் வேகமும் உதவும். பொதுவாகச் சிறிய பறவை வேகமாகவும் பெரிய பறவை மெதுவாகவும் சிறகடிக்கும்.

அது என் தலைக்கு மேலேயே நின்று கத்தியது, பின்னர் என்னை நோக்கிப் பாய்ந்தது. ஏன்?

நீங்கள் அதன் முட்டைகளுக்கோ குஞ்சுகளுக்கோ அருகில் நிற்கிறீர்கள். அடையாளம் காணும் வேலையை உடனே நிறுத்திவிட்டு, வந்த தடத்திலேயே, ஒவ்வொரு அடியையும் பார்த்து வைத்துத் திரும்பிச் செல்லுங்கள். இந்தப் பக்கத்தில் உள்ள எல்லாப் பதில்களையும்விட இது எனக்கு முக்கியமானதாகத் தோன்றுகிறது. பல ஆலாக்கள் கூடு கட்டுவதில்லை. மணலிலோ சிப்பிகளுக்கு நடுவிலோ ஒரு சிறு பள்ளத்தைப் பறித்து முட்டையிடும். மணல் நிறத்தில் கரும்புள்ளிகளோடு இருக்கும் அந்த முட்டைகள் இரண்டடி தூரத்திலும் கண்ணில் படுவதில்லை. பெற்றோர் உங்களைத் துரத்துவதில் ஈடுபட்டிருக்கும் நேரத்தில் முட்டைகள் வெயிலில் வெந்துபோகலாம். காகங்களும் கடற்காகங்களும் அவற்றை எடுத்துக்கொள்ளலாம். நாயை அழைத்துச் செல்பவர்கள் அத்தகைய கரைகளில் இனப்பெருக்கக் காலம் முடியும் வரை கயிற்றை அவிழ்க்கவே கூடாது. படம் எடுப்பதற்காக இன்னும் ஒரு நிமிடம் நிற்கலாமே என்ற எண்ணத்துக்கும் அங்கே இடமில்லை.

படம் எடுப்பதானால் எப்படி எடுக்க வேண்டும்?

அடையாளத்துக்கான படம் அழகாக இருக்க வேண்டியதில்லை. கேமராவில் ஷட்டர் வேகத்தை நொடியில் 1/2000 அளவுக்கு வைத்து, வானப் பின்னணியில் பறவை கருத்துப் போகாமலிருக்க எக்ஸ்போஷரைச் சற்றுக் கூட்டுங்கள். கைபேசி மட்டுமே இருந்தால் படத்தைவிட வீடியோவே பயன் தரும். சிறகடிப்பின் வேகமும் இறங்கிய முறையும் அதில் பதிவாகிவிடும், பின்னர் ஒவ்வொரு சட்டகமாக நிறுத்திப் பார்க்கலாம். பறவை நிமிர்ந்து நிற்கும்போதும், திரும்பும்போதும், இறங்கும்போதும் என வெவ்வேறு கோணங்களில் எடுத்துவையுங்கள். வால் விரியும் அந்த ஒரு நொடி பெரும்பாலும் முழு விடையையும் தந்துவிடும்.

செயலிகளின் பதிலை நம்பலாமா?

ஒரு தொடக்கமாக நம்பலாம். கார்னெல் பறவையியல் ஆய்வகத்தின் மெர்லின் செயலி, படத்தோடு நாளையும் இடத்தையும் சேர்த்துப் பார்ப்பதால் அந்தப் பகுதியில் அந்தப் பருவத்தில் இருக்கக்கூடிய பறவைகளையே முன்வைக்கிறது. இடத்தைத் தவறாகக் கொடுத்தால் பதிலும் தவறிவிடும். 2008-இல் தொடங்கப்பட்ட ஐநேச்சுரலிஸ்ட் தளத்தில், செயலி சொல்லும் பெயரை மற்ற பார்வையாளர்களும் பார்த்து உறுதிசெய்யவோ திருத்தவோ முடிகிறது. இரண்டிலும் படம் தொலைவில் எடுக்கப்பட்டிருந்தால் ஆலாக்களுக்குள் குழப்பம் வருவது வழக்கம். செயலி சொன்ன பெயரை எடுத்துக்கொண்டு, அந்தப் பறவை உண்மையில் அந்தரத்தில் நின்று வேட்டையாடுமா, நீங்கள் பார்த்த முறையில் இறங்குமா என்று சரிபாருங்கள். நடத்தை பொருந்தவில்லையென்றால், நூற்றுக்குத் தொண்ணூறு என்று செயலி காட்டினாலும் ஏற்க வேண்டாம்.

காலில் வளையம் இருந்தது. அதற்கு என்ன பொருள்?

ஆய்வாளர்கள் அதைப் பிடித்து அடையாளமிட்டு விடுவித்திருக்கிறார்கள். வளையத்தின் நிறம், எந்தக் காலில் உள்ளது, மூட்டுக்கு மேலா கீழா, எழுத்தோ எண்ணோ தெரிகிறதா என்பவற்றைக் குறித்து, அந்த நாட்டின் வளையமிடும் திட்டத்துக்கு அனுப்புங்கள். அந்தப் பறவை எங்கே, எப்போது வளையமிடப்பட்டது என்ற தகவல் பல நேரங்களில் உங்களுக்கே திரும்பி வரும்.

எவ்வளவு முயன்றும் பெயர் உறுதியாகவில்லை. பதிவு செய்யலாமா?

செய்யலாம், செய்யவும் வேண்டும். பறவைப் பதிவுகளுக்காக 2002-இல் தொடங்கப்பட்ட ஈபேர்ட் (eBird) தளத்தில், இனம் தெரியாதபோது குடும்ப அளவில் மட்டும் 'ஏதோ ஓர் ஆலா' என்று பதிவதற்கும், இரண்டு இனங்களில் ஒன்று என்று பதிவதற்கும் தனி வகைகளே வைத்திருக்கிறார்கள். நாள், நேரம், காற்றின் திசை, பறவை எதற்கு மேல் நின்றது, எப்படி இறங்கியது, அருகில் வேறு எந்தப் பறவை இருந்தது ஆகியவற்றைக் குறிப்புப் பகுதியில் எழுதிவையுங்கள். ஊகித்து எழுதிய ஒரு தவறான பெயரைப் பின்னாளில் நீக்குவது சரிபார்ப்பவர்களுக்குக் கடினமான வேலை. 'ஏதோ ஓர் ஆலா' என்ற பதிவையோ, படமும் குறிப்பும் இருந்தால், அனுபவமுள்ள ஒருவர் பின்னர் பார்த்து இனம் வரை சொல்லிவிட முடியும். முட்டையிடும் இடத்துக்கு அருகில் பார்த்திருந்தால் மட்டும், துல்லியமான இடத்தை வெளிப்படையாகக் காட்டாமல் மறைத்துப் பதியுங்கள்.